கை ஓடவில்லை என்று சொன்னாள்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கைப்பையைக் கட்டிலில் போட்டுவிட்டு, "கை ஓட மாட்டேங்குதுங்க" என்றாள். நான் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல், "கொஞ்ச நேரம் படு. சோறு வடிச்சி வெச்சிட்டேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் அது தினமும் புழங்குகிற பேச்சு. விடைத்தாள் கட்டு கட்டாக வந்துவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அதற்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. அன்றைக்கு அவள் நிஜமாகவே தன் வலது கை அசையவில்லை என்று சொல்லியிருக்கிறாள். வேறு வார்த்தை அவளுக்குக் கிடைக்கவில்லையோ, அந்த நேரத்துக்குள் கிடைக்காமல் போக ஆரம்பித்துவிட்டதோ, எனக்குத் தெரியாது.

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. அவள் ஊருக்கு வெளியே ஒரு அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். அச்சகம் மூடிய பிறகு வீட்டிலிருந்தபடியே பாடப் புத்தகங்களைத் தமிழில் மொழிபெயர்க்கிறேன். அவள் வேலைக்குப் போவாள், நான் சமைப்பேன், எழுதுவேன். அக்கம்பக்கத்தில் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது.

அவள் பேச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தயங்குகிறவன். அவள் அப்படி இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மகள் கல்யாணம் வரைக்கும் தெரிந்துகொண்டு வருவாள். வீட்டுக்காரரிடம் தண்ணீர் மோட்டார் பற்றிப் பேசுவது, கேஸ் வரவில்லை என்று போன் போடுவது, என் தம்பியிடம் சண்டை போடுவது, சமாதானம் ஆவது எல்லாம் அவள்தான். இருபத்தி மூன்று வருடம் எனக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

அந்த வாரம் என்னைப் படுத்திக்கொண்டிருந்தது 'ஃப்ளூயிடிட்டி' என்கிற ஒரு சொல். டிப்ளமோ படிப்புகளுக்கான ஒரு கலைச்சொல் பட்டியல் என்னிடம் வந்திருந்தது. இயற்பியல், உயிரியல், உளவியல், பிசியோதெரபி என்று எல்லாப் பாடத்துக்கும் பொதுவான பட்டியல். அந்தச் சொல் ஏழெட்டு இடத்தில் வந்தது. எண்ணெய்க்கும் வந்தது, உயிரணுவின் சவ்வுக்கும் வந்தது. ஒருவர் கையை வீசி நடக்கிற அழகுக்கும் அதே சொல், பேச்சுக்கும் அதே சொல், இன்றைக்கு ஒரு மாதிரியும் நாளைக்கு ஒரு மாதிரியும் இருக்கிற சூழ்நிலைக்கும் அதே சொல். சென்னையிலிருந்த தொகுப்பாசிரியர் ஒரே ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்றார்.

"ஒரு சொல்லுக்கு ஒரு சொல் சார். அப்பத்தான் எல்லாப் புத்தகத்துலயும் ஒரே மாதிரி வரும்" என்றார் போனில்.

"ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு அர்த்தம்ங்க அது."

"எல்லாத்துக்கும் பொருந்துற மாதிரி பொதுவா ஒண்ணு யோசிச்சி அனுப்புங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளிடம் கேட்டேன். எந்த அறிவியல் சொல்லுக்கும் நான் முதலில் கேட்பது அவளைத்தான். அவள் சமையல் மேடையில் இரண்டு டம்ளரை வைத்து ஒன்றில் தண்ணீரும் ஒன்றில் விளக்கெண்ணெயும் ஊற்றி, இரண்டையும் ஒரே சமயத்தில் சாய்த்துக் காட்டினாள். வகுப்பில் அப்படித்தான் காட்டுவாளாம்.

"ரெண்டுமே பாய்மந்தான். அது பொருளோட பேரு. நீங்க கேக்கறது குணம். எவ்ளோ சுலபமா வழிஞ்சி வருதுங்கறது. தண்ணிக்கு அது ஜாஸ்தி, விளக்கெண்ணெய்க்குக் கம்மி" என்றாள்.

"நெகிழ்ச்சின்னு போட்டுடலாமா?"

"ரப்பரு கூடத்தான் நெகிழும். ஓடுமா? உயிரியல் டீச்சர் வேணும்னா சவ்வுக்கு நெகிழ்வுன்னு ஒத்துக்குவாங்க, நான் எண்ணெய்க்கு ஒத்துக்க மாட்டேன். பேச்சுக்குன்னா சரளம்னு போடுங்க. எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையப் போட்டீங்கன்னா பசங்க பரீட்சையில தப்பா எழுதிட்டு வருவாங்க. அந்த ஆளுகிட்ட முடியாதுன்னு சொல்லுங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம், நம்பர் குடுங்க. திங்கக்கிழமை நானே பேசறேன்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவள் வந்து கை ஓடவில்லை என்று சொன்னபோது நான் அந்த வரியில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் படுத்தாள். இரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட எழுப்ப மனம் வரவில்லை. மூன்றரை மணிக்கு ஏதோ விழுகிற சத்தம் கேட்டுப் போனேன். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து "ஓடல" என்றாள். "என்னம்மா?" என்றேன். "ஓடல. ஓடல" என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனேயே முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போய்ச் சேரும்போது ஐந்தேகால். அவளை ஸ்கேனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வந்த டாக்டர் என்னைவிட இருபது வயது சின்னவர். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, அதைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றார்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

"மூணரைக்கு" என்றேன்.

அவர் எழுதப் போனவர் நிறுத்தினார். "மூணரைக்கு நீங்க பாத்தீங்க. அதுக்கு முன்னாடி?"

நான் ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தேன்.

"நேரம் தாண்டுன பெறகு போட்டா உள்ள ரத்தம் கசிஞ்சிடும் சார். உயிருக்கே ஆபத்து. நெசத்தைச் சொல்லுங்க."

ஒரு மணிக்குக் கை ஓடவில்லை என்று சொன்னாள் என்றேன். அதற்கு முன்னால் அவளோடு யார் இருந்தார்கள் என்று கேட்டார். அவளோடு வேலை பார்க்கிற கணக்கு டீச்சருக்குப் போன் போட்டேன். டாக்டரே போனை வாங்கிப் பேசினார். ஸ்பீக்கரில் கேட்டது. "பதினொன்னரைக்கே ரெண்டு தரம் சாக்பீஸ் கீழ விழுந்துதுங்க டீச்சருக்கு. சிரிச்சிக்கினேதான் எடுத்தாங்க. அப்பறம் இடது கையால எழுதனாங்க. நாங்க ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சோம்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரையிலிருந்து கணக்குப் போட எனக்குத் தெரியாதா? ஒரு மணிக்கு நான் தலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் இரண்டேமுக்காலுக்கு இங்கே வந்திருப்போம். அவர் அதைச் சொல்லவில்லை. "ஊசி போட முடியாது சார். மத்த வைத்தியம் பாப்போம்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆனாலும் நான் பொறுப்பு, எழுதிக் கொடுக்கிறேன், போடுங்க என்றேன். வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு கெஞ்சியதில்லை. அவர் கையை விடுவிக்காமல் நின்றார், ஆனால் சரி என்று சொல்லவில்லை.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் இரண்டு மாதத்தில் தேறியது, இழுத்து இழுத்து நடந்தாள். கை தோளிலிருந்து தொங்கியது. பேச்சு மட்டும் அந்த ஒரு வார்த்தையோடு நின்றுபோனது.

காப்பி வேண்டுமென்றாலும் "ஓடல". வேண்டாமென்றாலும் "ஓடல". பாத்ரூம் போக வேண்டும், ஃபேனைக் குறைக்க வேண்டும், தலை வலிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரி என்ன கேட்டாள், எல்லாம் அதே வார்த்தைதான். குரல் மட்டும் மாறும். கெஞ்சுகிற ஓடல, அதட்டுகிற ஓடல, அழுகைக்கு முன்னால் வருகிற ஓடல. அவளுக்குத் தான் சரியாகச் சொல்வதாகவே ஒரு நினைப்பு முதலில். தன் காதிலேயே அது விழுந்ததும் முகம் மாறும். வாயைப் பொத்திக்கொள்வாள்.

எனக்கு அது ஒவ்வொரு தடவையும் எப்படிக் கேட்டது என்று யாரிடம் சொல்ல முடியும். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அவள் அந்த ஒரு மணியை என்னிடம் திரும்பச் சொன்னாள், சொல்கிறோம் என்று தெரியாமலே. குக்கர் விசில் சத்தத்தில்கூட எனக்கு அதுவே கேட்டது. ஒரு நாள் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனவன், ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அங்கேயே நின்றேன். கீழே அவள் தனியாக இருக்கிறாள் என்பதுகூட அப்போது நினைவில் இல்லை.

வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு விழுப்புரம் போனோம். பாசஞ்சர் ரயிலில் போய், ஜங்ஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ. பயிற்சி கொடுத்தது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். பொறுமைசாலி. முதல் நாள் படங்களைக் காட்டினாள். சாவி எது, பூட்டு எது, மாடு எது. என் மனைவி எல்லாவற்றையும் சரியாகத் தொட்டுக் காட்டினாள். பேர் சொல்லச் சொன்னால் மட்டும் "ஓடல".

அந்தப் பெண் எழுதிய தாளை எட்டிப் பார்த்தேன். இரண்டு கட்டம் இருந்தது. சரளமாகப் பேசுகிறவர், சரளம் இல்லாதவர். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டிருந்தது.

"டீச்சருக்கு எல்லாம் புரியுது சார். அர்த்தமெல்லாம் உள்ள அப்படியே இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைச்சிக்கினு இருக்கு" என்றாள்.

"தொறக்குமா?"

"முயற்சி பண்ணுவோம்."

அவள் பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. அன்று ரயிலில் வரும்போது ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்றும் தோன்றியது.

கலைச்சொல் பட்டியல் அப்படியே கிடந்தது. தொகுப்பாசிரியர் இரண்டு தடவை அழைத்துவிட்டு, நிலைமையைக் கேட்டு வருத்தப்பட்டு, ஆனாலும் மாதக் கடைசிக்குள் வேண்டும் என்றார். நான் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு சொல்லாகப் போட்டேன். எண்ணெய்க்குப் பாய்மை. சவ்வுக்கு நெகிழ்வு. நடைக்கு லாவகம். பேச்சுக்குச் சரளம். சூழ்நிலைக்கு நிலைமாற்றம். அவள் சொன்னபடிதான் போட்டேன். அனுப்பியதும் அவர் அழைத்தார்.

"இப்படி ஆளுக்கொரு பேரு வெச்சா எப்படி சார்?"

அவளாக இருந்தால் பேசியிருப்பாள். "ஒரே வார்த்தைய வெச்சிக்கினு எல்லாத்தையும் சொல்ல முடியாதுங்க. நான் வீட்ல தெனமும் பாத்துக்கினு இருக்கேன்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. போனை வைத்துவிட்டேன். புத்தகம் வந்தபோது எல்லா இடத்திலும் நெகிழ்ச்சி என்றே இருந்தது, எண்ணெய்க்குக்கூட. அதன் பிறகு அங்கிருந்து எனக்கு வேலை வரவில்லை.

ஐந்தாவது மாதம் அந்தப் பெண் ஒரு வழி சொன்னாள். "பேச வராத சில பேருக்குப் பாட வரும் சார். மெட்டுல போட்டுப் பாக்கலாம்." கும்மி மெட்டில் ஒன்று இரண்டு மூன்று என்று அவள் ஆரம்பிக்க, என் மனைவி நாலிலிருந்து சேர்ந்துகொண்டு பத்து வரைக்கும் பாடிவிட்டாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். நான் அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன், அந்தப் பெண் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள்.

வீட்டில் கிழமைகள், மாதங்கள் எல்லாம் கும்மி மெட்டில் பாடினோம். ஒரு நாள் அவள் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை இடது கையால் எடுத்துவந்து என் மடியில் வைத்து, ஒரு வரியைத் தொட்டாள். பாய்மம் பாயும்போது அதை எதிர்க்கும் பண்பு பாகுநிலை. அதை மெட்டில் போட்டுக் கொடுத்தேன். மூன்று வாரம் ஆனது. நான் "பாய்மம்" என்று எடுத்துக் கொடுத்தால் அவள் மீதி வரியை முழுக்கப் பாடினாள். பிறகு தன்னையும் பள்ளிக்கூடம் இருக்கிற திசையையும் காட்டினாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணும் அவசரம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் மருத்துவ விடுப்பு முடிந்துகொண்டிருந்தது. அதைவிட, அவள் முகத்தில் அத்தனை மாதம் கழித்து ஒரு ஆசையைப் பார்த்துவிட்டேன். தலைமையாசிரியை நல்லவர். "ஒரு பீரியட் வந்து நிக்கட்டும். பிள்ளைங்களும் பாக்கணும்னு கேட்டுக்கினு இருக்காங்க" என்றார்.

திங்கட்கிழமை மூன்றாவது பீரியட். நான் புடவைக்கு மடிப்பு வைத்துவிட்டேன். அவள் உள்ளே போனதும் பெண்கள் எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். நான் வராந்தாவில் ஜன்னலோரம் நின்றேன். அவள் இடது கையால் சாக்பீஸ் எடுத்துக் கரும்பலகையில் இரண்டு டம்ளர் வரைந்தாள், சாய்ந்த டம்ளர்கள். திரும்பி நின்று வாயைத் திறந்தாள்.

வரவில்லை. மறுபடி திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கண் ஜன்னல் பக்கம் வந்து என்னைத் தேடியது. அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வராந்தாவில் நின்றபடி, "பாய்மம்" என்று மெட்டில் எடுத்துக் கொடுத்தேன். பெண்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவள் பாடினாள், பாயும்போது அதை எதிர்க்கும் பண்பு பாகுநிலை. முடித்ததும் நிறுத்த முடியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து பாடினாள். மூன்றாவது தடவை, நாலாவது தடவை. தன் வாயைத் தானே பார்க்கிறவள் மாதிரி கண்ணைக் கீழே தாழ்த்திக்கொண்டு பாடினாள். யாரும் சிரிக்கவில்லை. முதல் பெஞ்சில் ஒரு பெண் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் உள்ளே போய் அவள் தோளைத் தொட்ட பிறகுதான் நின்றது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். கூடவே போகப் பார்த்தேன், கையை உதறினாள். நிழற்குடையில் உட்கார்ந்தோம். வேறு யாரும் இல்லை. அங்கேதான் சொன்னேன். "அன்னைக்கு நீ சொன்னத நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு மணிக்கே கூட்டிக்கினு போயிருந்தா ஊசி போட்டிருப்பாங்க. இப்ப வாத்தியாரம்மாவாவே இருந்திருப்ப." அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாதது.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது.

"தெரியும்" என்றாள்.

மெட்டு இல்லாமல், யாரும் எடுத்துக் கொடுக்காமல், அந்த ஒரு வார்த்தை வந்தது. எந்தக் குரலில் சொன்னாள் என்று பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. அத்தனை மாதமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்ல வாய் இல்லாமல் இருந்திருக்கிறாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிடவில்லை. இடது கையால், பாதி சிந்தி, தானே சாப்பிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு அவள் மறுபடி போகவில்லை. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தோம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட அவளுக்குக் கால்மணி நேரம் பிடித்தது. விழுப்புரத்துக்கு இப்போது வாரம் ஒரு நாள் போகிறோம். முப்பது முப்பத்தைந்து வார்த்தை வருகிறது. தண்ணி, வேணாம், வலி, மழை. சேர்ந்தாற்போல் இரண்டு வருவதில்லை. இதற்கு மேல் வருமா என்று நான் அந்தப் பெண்ணிடம் கேட்பதை விட்டுவிட்டேன். அவளும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் காலை வேளையில் மட்டும் வேலை பார்க்கிறேன்.

போன மாதம் கடையிலிருந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது. அவளைக் காணவில்லை. மாடிப்படி, பின்பக்கம், மேம்பாலத்துக்குக் கீழே, கோயில் வாசல் என்று ஓடினேன். யாராவது பேர் கேட்டால்கூடச் சொல்லத் தெரியாதவள். லாரிகள் போகிற ரோடு. எதிரில் வந்தவர்களிடம் எல்லாம், நான் பேசக் கூச்சப்படுகிறவன் என்பதையே மறந்து, காலை இழுத்து நடக்கிற ஒரு அம்மாவைப் பார்த்தீங்களா என்று கத்திக் கத்திக் கேட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்து பார்த்தால் சமையல் மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். இடுப்பில் முந்தானையைச் செருகியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு பையில் தக்காளி.

"எங்க போன? சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்றேன். சொல்லிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"போ" என்றாள்.

அதுவரை அவள் வாயில் வராத வார்த்தை அது. அடுத்த தடவை விழுப்புரத்தில் சொன்னபோது அந்தப் பெண் சந்தோஷமாகத் தாளில் குறித்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். உள்ளே அவள் ஒரு கையால் தக்காளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒன்று உருண்டு கீழே விழுந்தது, எடுக்க நான் போகவில்லை.